ராஸ்பெரி பை 4-இல் லுவாண்டி: தருமபுரி வீட்டு டிவியில் முழு கேமையும் ஓடவைப்பது எப்படி

லுவாண்டி ஒரு முப்பரிமாண கேம். மண், கல், மரம், தண்ணீர் என எல்லாமே கட்டை கட்டையாக இருக்கும் உலகம். தோண்டலாம், வீடு கட்டலாம், பயிர் வைக்கலாம், இரவில் வரும் பூதங்களிடமிருந்து தப்பி ஓடலாம். பெர்ட்டு அஹோலா என்ற ஃபின்லாந்துக்காரர் 2010-இல் மைன்டெஸ்ட் என்ற பெயரில் இதைத் தொடங்கினார். 2024 அக்டோபரில் லுவாண்டி எனப் பெயர் மாறியது. முழுக்க இலவசம், மூலநிரலும் திறந்தது. நடுவில் விளம்பரம் வராது, காயின் வாங்கச் சொல்லாது. ஒருமுறை இறக்கிவிட்டால் அதன்பின் இணையமே தேவையில்லை. மாதா மாதம் ரீசார்ஜை எண்ணிச் செலவழிக்கும் வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான கேம் இல்லை என்பது எங்கள் உறுதியான கருத்து.

கையகல கம்ப்யூட்டர் போர்டான ராஸ்பெரி பை 4-இல் இதை நிறுவி, வீட்டு டிவியில் ஓடவைக்கும் வழி இங்கே முழுதாக இருக்கிறது. நிறுவும் வேலை அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். கேம் திக்குவதற்கும் உலகம் அழிந்துபோவதற்கும் காரணம் பெரும்பாலும் நிறுவியதில் இருக்காது. சார்ஜர், கார்டு, சூடு, பார்வைத் தூரம் ஆகிய நான்கில் ஒன்றாகத்தான் இருக்கும். அதனால் அந்த நான்குக்கும் கூடுதல் இடம் கொடுத்திருக்கிறோம்.

எந்த போர்டு

பை 4-இல் 2 ஜிபி ராம் இருந்தால் போதும், 4 ஜிபி இருந்தால் நிம்மதி. 8 ஜிபி இந்த கேமுக்கு வீண் செலவு. பை 3-இல் ராம் 1 ஜிபிதான். கேம் திறக்கும், ஆனால் கொஞ்ச தூரம் நடந்ததுமே மூச்சு வாங்கும். ஜீரோ 2 டபிள்யூவில் 512 எம்பி மட்டுமே என்பதால் அதைத் தொட வேண்டாம். பை 5 தாராளமாக ஓட்டும். ஆனால் அதற்கு 5 வோல்ட் 5 ஆம்பியர் அடாப்டரும் ஃபேனும் வேண்டும் என்பதால் மொத்தச் செலவு ஏறிவிடும். அதோடு பை 5-இல் இயர்போன் ஜாக் கிடையாது.

செகண்ட் ஹேண்டில் தேடுபவர்கள் பை 400 கிடைத்தால் விடாதீர்கள். அது கீபோர்டுக்குள்ளேயே அடங்கிய பை 4. 4 ஜிபி ராம் உண்டு, உள்ளே பெரிய உலோகத் தகடு இருப்பதால் சூட்டுப் பிரச்சினையும் குறைவு. பழைய பை 4 வாங்கினால் ஒன்றைக் கவனியுங்கள். 2019-இல் வந்த முதல் தொகுதி போர்டுகளின் டைப்-சி பகுதியில் ஒரு வடிவமைப்புக் குறை இருந்தது. லேப்டாப்போடு வரும் சில்லு பதித்த டைப்-சி ஒயரைச் செருகினால் அவை ஆன் ஆகாது. போர்டு செத்துவிட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன், சாதாரண ஒயரில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

வேறு கம்பெனிகளின் மலிவு போர்டுகளில் சில, காகிதத்தில் பை 4-ஐவிட வேகமானவை. ஆனால் அவற்றுக்கான ஓஎஸ்-இல், அதாவது போர்டை இயக்கும் அடிப்படை மென்பொருளில், கிராபிக்ஸ் டிரைவர் ஒழுங்காக இருக்குமா என்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. முதல்முறை செய்பவர்கள் அந்த வழியில் போக வேண்டாம்.

வாங்க வேண்டியவை

போர்டு தவிர, 5.1 வோல்ட் 3 ஆம்பியர் டைப்-சி அடாப்டர், 32 ஜிபி மைக்ரோ எஸ்டி கார்டு, மைக்ரோ எச்டிஎம்ஐயிலிருந்து எச்டிஎம்ஐக்குப் போகும் ஒயர், ஃபேன் உள்ள பெட்டி அல்லது கெட்டியான அலுமினியப் பெட்டி, யூஎஸ்பி கீபோர்டு, மவுஸ் ஆகியவை வேண்டும். கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கம் இருப்பவர்களுக்குப் பெங்களூரு எஸ்.பி. ரோடு கைக்கெட்டும் தூரம். போர்டைக் கையில் எடுத்துப் பார்த்து, ஆன் செய்துகாட்டச் சொல்லி வாங்கலாம். தருமபுரியிலிருந்து சேலமும் பக்கம்தான், ஆனால் போர்டு இருக்கிறதா என்று போனில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

வீட்டில் உள்ள டிவியில் எச்டிஎம்ஐ இல்லை, மஞ்சள்-வெள்ளை-சிவப்பு துளைகள் மட்டும்தான் என்றாலும் பை 4-ஐ இணைக்க முடியும். அதன் இயர்போன் ஜாக்கிலேயே படமும் வெளிவரும். ஆனால் எழுத்துகள் மங்கலாகத் தெரியும், விளையாட அவ்வளவு சுகமாக இருக்காது. கடையில் கிடக்கும் பழைய விஜிஏ மானிட்டர் ஒன்றும், எச்டிஎம்ஐயை விஜிஏவாக மாற்றும் சிறு கன்வெர்ட்டரும் அதைவிட நல்ல தேர்வு.

கார்டில் கஞ்சத்தனம் வேண்டாம். மேலே ஏ1 என்று அச்சிட்ட, பெயர் தெரிந்த கம்பெனி கார்டாக இருக்கட்டும். போலி கார்டு எப்படி ஏமாற்றும் என்றால், உள்ளே 8 ஜிபிதான் இருக்கும், வெளியே 32 என்று காட்டும். ஓஎஸ் ஏற்றும்போது எல்லாம் சரியாகவே போகும், ஏனென்றால் அந்த அளவு உள்ளே இருக்கிறது. சில வாரம் கழித்து உலகம் வளர்ந்து 8 ஜிபியைத் தாண்டும் நாளில் ஃபைல்கள் ஒன்றன்மேல் ஒன்று எழுதப்பட்டு எல்லாம் நாசமாகும். வாங்கிய அன்றே விண்டோஸ் கம்ப்யூட்டரில் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளைக் கொண்டு முழுக் கார்டையும் எழுதிப் படித்துச் சோதியுங்கள். நேரம் பிடிக்கும், ஆனாலும் செய்துவிடுங்கள்.

கார்டில் ஓஎஸ் ஏற்றுதல்

ஒரு லேப்டாப்பில் ராஸ்பெரி பை இமேஜர் என்ற மென்பொருளை ராஸ்பெரி பையின் சொந்தத் தளத்திலிருந்து இறக்குங்கள். வீட்டில் லேப்டாப் இல்லாவிட்டால் தெரிந்த கம்ப்யூட்டர் சென்டரில் இந்த ஒரு வேலையை மட்டும் முடித்துக்கொண்டு வரலாம். கார்டு ரீடரில் கார்டைப் போட்டு, போர்டு என்ற இடத்தில் பை 4, ஓஎஸ் என்ற இடத்தில் ராஸ்பெரி பை ஓஎஸ் 64-பிட், சேமிப்பிடத்தில் உங்கள் கார்டு என மூன்றையும் தேர்ந்தெடுங்கள். டெஸ்க்டாப் இல்லாத லைட் பதிப்பை எடுத்துவிடாதீர்கள். எல்லா மென்பொருளும் சேர்ந்த ஃபுல் பதிப்பும் தேவையில்லை, டேட்டாதான் கரையும். நடுப் பதிப்பே ஒரு ஜிபிக்கு மேல் வரும். தினசரி டேட்டா பேக்கில் இருப்பவர்கள் இதை ஒரு நாளும், மீதி வேலையை மறுநாளும் வைத்துக்கொள்ளலாம்.

எழுதத் தொடங்கும் முன் அமைப்புகளை மாற்றவா என்று இமேஜர் கேட்கும். இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். பயனர் பெயர், பாஸ்வேர்டு, வைஃபை பெயரும் பாஸ்வேர்டும், வைஃபை நாடு இந்தியா, நேர மண்டலம் ஆசியா/கொல்கத்தா என்று நிரப்புங்கள். கீபோர்டு வகையை யூஎஸ் என்று மாற்றுங்கள். இது சின்ன விஷயமாகத் தோன்றும். ஆனால் பையின் இயல்பான கீபோர்டு அமைப்பு பிரிட்டிஷ் வகை. நம் ஊர்க் கடைகளில் விற்பது யூஎஸ் வகை. இரண்டிலும் அட் குறியும் இரட்டை மேற்கோள் குறியும் இடம் மாறி இருக்கும். பாஸ்வேர்டில் அட் குறி வைத்திருப்பவர்கள், சரியாகத்தானே அடிக்கிறோம் என்று மண்டையைப் பிய்த்துக்கொள்வது இதனால்தான்.

எழுதி முடித்ததும் இமேஜர் தானே சரிபார்க்கும். அதற்குள் கார்டைப் பிடுங்காதீர்கள். சரிபார்ப்பில் தோல்வி என்று வந்தால் ரீடரை மாற்றி ஒருமுறை முயலுங்கள். மறுபடியும் தோல்வி என்றால் கார்டில்தான் கோளாறு, கடையில் மாற்றிக்கொள்ளுங்கள்.

முதல் முறை ஆன் செய்தல்

கார்டைப் போர்டின் அடியில் செருகுங்கள். எச்டிஎம்ஐ துளை இரண்டு இருக்கும். டைப்-சி துளைக்குப் பக்கத்தில் உள்ளதுதான் முதன்மை, அதில் மாட்டுங்கள். டிவியை முதலில் ஆன் செய்து சரியான எச்டிஎம்ஐக்கு மாற்றிவிட்டு, கடைசியில் பைக்கு கரண்ட் கொடுங்கள். இந்த வரிசை மாறினால் சில டிவிகளில் சிக்னல் இல்லை என்றே வந்துகொண்டிருக்கும்.

மவுஸ், கீபோர்டு இரண்டையும் கறுப்பு யூஎஸ்பி துளைகளில் போடுங்கள். நீலத் துளைகள் யூஎஸ்பி 3 வகை. அவற்றில் அதிவேக பென்டிரைவ் ஏதாவது ஓடினால், பக்கத்தில் இருக்கும் ஒயர்லெஸ் மவுஸின் டாங்கிளுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இடைஞ்சல் வரும். மவுஸ் விட்டு விட்டு நகரும்.

டெஸ்க்டாப் வந்ததும் மேல் வலது மூலையில் கடிகாரத்தைப் பாருங்கள். பை 4-இல் கடிகார பேட்டரி கிடையாது. இணையம் கிடைத்தால்தான் சரியான நேரத்தை எடுத்துக்கொள்ளும். கரண்ட் போய் வந்து, இணையமும் இல்லாவிட்டால் பழைய நேரத்திலேயே நிற்கும். நேரம் பல நாள் பின்தங்கி இருந்தால், பாதுகாப்புச் சான்றிதழ் தவறு என்று சொல்லி எந்த டவுன்லோடும் நடக்காது. நெட் இருக்கு, டவுன்லோடு மட்டும் ஆகவில்லை என்றால் முதலில் தேதியைப் பார்க்க வேண்டியது இதற்காகத்தான்.

பிறகு மெனுவில் ஸ்கிரீன் அமைப்புக்குப் போய் தெளிவை 1280 × 720 என்று வையுங்கள். காரணம் பின்னால் வருகிறது.

லுவாண்டியை நிறுவுதல்

மெனுவில் பிரிஃபரன்ஸஸ் பகுதியில், மென்பொருளைச் சேர்க்கவும் நீக்கவும் உதவும் கருவி இருக்கும். அதைத் திறந்து தேடும் கட்டத்தில் லுவாண்டி என்று ஆங்கிலத்தில் அடியுங்கள். ட்ரிக்ஸி எனப்படும் புதிய ஓஎஸ் என்றால் அந்தப் பெயரிலேயே கிடைக்கும். புக்வோர்ம் எனப்படும் முந்தைய ஓஎஸ்-இல் மைன்டெஸ்ட் என்று பழைய பெயரில்தான் தேட வேண்டும். அதில் கிடைப்பது 5.6.1 பதிப்பு. ஓடும், ஆனால் அமைப்புப் பக்கங்கள் கீழே நாங்கள் சொல்வதிலிருந்து சற்று மாறியிருக்கும். புதிதாகக் கார்டு எழுதுபவர்கள் புதிய ஓஎஸ்-ஐயே எடுங்கள்.

தேடலில் சர்வர், டேட்டா என்று வால் ஒட்டிய பெயர்களும் வரும். வால் இல்லாத பெயரை மட்டும் டிக் செய்தால் போதும், வேண்டியதை அதுவே சேர்த்து இழுத்துக்கொள்ளும். பாஸ்வேர்டு கேட்டால் கொடுங்கள். முடிந்ததும் மெனுவின் கேம்ஸ் பகுதியில் வந்து நிற்கும். டெர்மினல் பழகியவர்கள் ஆப்ட் வழியாக அதே பெயரில் நிறுவிக்கொள்ளலாம்.

கேமை இறக்குதல்

இந்த இடத்தில்தான் பலர் குழம்புகிறார்கள். லுவாண்டி என்பது இயந்திரம் மட்டும். அதற்குள் ஓடும் கேமைத் தனியாக இறக்க வேண்டும். முதல்முறை திறக்கும்போது கேம் எதுவும் இல்லாவிட்டால், ஒன்றை நிறுவச் சொல்லும் பொத்தான் நடுவில் தெரியும். அது தெரியாவிட்டால் மேலே கன்டென்ட் என்ற தாவலுக்குப் போய், ஆன்லைன் உள்ளடக்கத்தைப் பார்க்கும் பொத்தானை அழுத்துங்கள். கன்டென்ட்டிபி என்ற கிடங்கு திறக்கும்.

இரண்டு கேம்களைப் பரிந்துரைக்கிறோம். ஒன்று, மைன்டெஸ்ட் கேம். பூதம், பசி எதுவும் இல்லை. தோண்டலாம், கட்டலாம், அவ்வளவுதான். மிக லேசானது. சின்னப் பிள்ளைகளுக்கும் 2 ஜிபி போர்டுக்கும் இதுவே சரி. மற்றது வாக்ஸ்லிப்ரே, முன்பு மைன்குளோன்2 என்று இருந்தது. பசி, ஆடு மாடு, பூதங்கள், சுரங்கம், சுவிட்ச் வைத்து ஓடும் இயந்திரங்கள் என்று எல்லாம் உள்ள முழு கேம். போர்டுக்கு வேலை அதிகம், ஆனால் கீழே சொல்லும் அமைப்புகளோடு 4 ஜிபி பையில் நன்றாகவே விளையாடலாம். இரண்டையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் டேட்டா பேக்கில் இவை தாராளமாக அடங்கும்.

உங்கள் இயந்திரப் பதிப்புக்குப் பொருந்தும் வெளியீட்டையே கிடங்கு கொடுக்கும். அதனால் புக்வோர்ம் வைத்திருப்பவருக்குக் கிடைக்கும் வாக்ஸ்லிப்ரே, ட்ரிக்ஸிக்காரருடையதைவிடப் பழையதாக இருக்கலாம். அது கோளாறு அல்ல.

உலகம் உருவாக்குதல்

தொடக்கத் தாவலின் அடியில் கேம்களின் படங்கள் வரிசையாக இருக்கும். வேண்டியதை அழுத்தி, புதிய உலகம் என்ற பொத்தானுக்குப் போங்கள். பெயரை ஆங்கிலத்தில், இடைவெளி இல்லாமல் வையுங்கள். பிற்பாடு ஃபோல்டரைத் தேடி எடுக்க எளிது. உலகை உருவாக்கும் முறை வி7 என்று இருக்கும். மலை, குகை எல்லாம் வரும். கட்டுவது மட்டுமே நோக்கம் என்றால் ஃபிளாட் என்று மாற்றுங்கள். சமதளம் என்பதால் போர்டுக்கு வேலை குறையும். கிரியேட்டிவ் என்ற டிக் போட்டால் எல்லாக் கட்டையும் அள்ள அள்ளக் குறையாமல் கிடைக்கும்.

முதலில் ஏற்றும்போது கொஞ்ச நேரம் திணறும். லுவாண்டி உலகை 80 × 80 × 80 கட்டைகள் கொண்ட துண்டுகளாக உருவாக்குகிறது. ஒரு துண்டு என்றால் 5,12,000 கட்டைகள். சுற்றிலும் இப்படிப் பல துண்டுகளை ஒரே நேரத்தில் உருவாக்க வேண்டியிருப்பதால் இந்தத் திணறல். ஒரு நிமிடம் அசையாமல் நில்லுங்கள், சீராகிவிடும். பறக்கும் வசதியைப் போட்டுக்கொண்டு புதிய பகுதிகளுக்கு வேகமாகப் போனால் இதே திணறல் திரும்ப வரும். போய் வந்த இடங்கள் கார்டில் பதிவாகிவிடுவதால் அங்கே வராது.

வேகத்துக்கான அமைப்புகள்

எஃப்5 கீயை அழுத்தினால் மேல் இடது மூலையில் வினாடிக்கு எத்தனை ஃப்ரேம் என்று காட்டும். 30-ஐத் தொட்டு நிலையாக நிற்க வேண்டும். 60 வேண்டும் என்று ஆசைப்பட்டால் பை 4 சூடாகித் தானாக வேகத்தைக் குறைக்கும், பிறகு 20-க்கும் கீழே போகும். செட்டிங்ஸில் அதிகபட்ச ஃப்ரேமையே 30 என்று கட்டிவிடுங்கள்.

அடுத்தது பார்வைத் தூரம். எதையும் செய்யாவிட்டாலும் இதை மட்டும் செய்யுங்கள். இயல்பாக 190 கட்டை தூரம் வரை வரையும். அதை 80 ஆக்குங்கள். 190-க்கும் 80-க்கும் தரைப் பரப்பில் மட்டும் ஐந்து மடங்குக்கு மேல் வித்தியாசம், ஏனென்றால் தூரம் இரட்டித்தால் பரப்பு நான்கு மடங்காகும். வாக்ஸ்லிப்ரே என்றால் 60 போதும். விளையாடும்போதே பிளஸ், மைனஸ் கீகளாலும் இதைக் கூட்டிக் குறைக்கலாம். ஆர் கீயைத் தெரியாமல் அழுத்திவிட்டால் எல்லையில்லாத பார்வைத் தூரம் ஆன் ஆகிவிடும், கேம் அப்படியே உறையும். நல்லா ஓடிட்டிருந்தது, திடீர்னு நின்னுடுச்சு என்று பிள்ளைகள் வந்து நின்றால் பெரும்பாலும் இந்தக் கீதான். மறுபடி அழுத்தினால் சரியாகும். கீ அமைப்புப் பக்கத்தில் ஆர் கீயின் அந்த வேலையைக் கைபடாத வேறு கீக்கு மாற்றிவிடுவது நல்லது.

திரைத் தெளிவை 720-க்கு இறக்கச் சொன்னதன் கணக்கு இது: 1920 × 1080 என்றால் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் 20 லட்சத்துக்கு மேல் புள்ளிகள், 1280 × 720 என்றால் 9 லட்சத்துச் சொச்சம். சோபாவிலிருந்து பார்க்கும் தூரத்தில் கட்டை உலகத்துக்கு இந்த வித்தியாசம் கண்ணுக்குப் படாது. டிவி 720-ஐ ஏற்க மறுத்தால், கேமின் கிராபிக்ஸ் பகுதியில் அண்டர்சாம்ப்ளிங் என்பதை 2 ஆக்குங்கள். அதுவும் இதே வேலையைச் செய்யும்.

கிராபிக்ஸ் பகுதியிலேயே நிழல், ப்ளூம், ஆன்டிஅலையாஸிங், முப்பரிமாண மேகம், அசையும் இலை, அசையும் தண்ணீர் எல்லாவற்றையும் அணையுங்கள். இலை வகையை ஒபேக் என்று மாற்றுங்கள். இலைகளுக்கு நடுவில் ஓட்டை தெரியாமல் முழுக் கட்டையாக வரையும். காட்டுப் பகுதியில் இந்த ஒன்றே பெரிய மாற்றத்தைக் கொடுக்கும். மென்மையான வெளிச்சத்தை மட்டும் விட்டுவைக்கச் சொல்வோம். அதை அணைத்தால் உலகம் அழகற்றுப்போகும், கிடைக்கும் வேகமோ கொஞ்சம்தான்.

வாக்ஸ்லிப்ரேயில் ஃப்ரேம் எண் சரியாக இருந்தும், தோண்டிய கட்டை இரண்டு வினாடி கழித்து மறைகிறதா? படம் வரைவது சரி, உலகை இயக்கும் பகுதிதான் பின்தங்குகிறது என்று அர்த்தம். செட்டிங்ஸில் மேம்பட்ட அமைப்புகளைக் காட்டும் டிக்கைப் போட்டு, ஆக்டிவ் பிளாக் ரேஞ்ச் என்று தேடுங்கள். 4 என்று இருக்கும், 2 ஆக்குங்கள். ஆடு மாடும் பூதமும் உங்களைச் சுற்றி 32 கட்டை தூரத்துக்குள் மட்டும் உயிர்ப்போடு இருக்கும், அதற்கு அப்பால் உறங்கும்.

தண்ணீர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் கையில் கிரியேட்டிவ் உலகத்தைக் கொடுத்தால் ஒகேனக்கல்லோ கே.ஆர்.பி. அணையோ கட்டாமல் இருக்க மாட்டார்கள், கட்டவும் வேண்டும். ஆனால் ஓடும் தண்ணீரின் ஒவ்வொரு கட்டையையும் கேம் திரும்பத் திரும்பக் கணக்கிட்டு, அந்த இடத்தை மறுபடி வரைகிறது. அதனால் பாறையை முழுதாகக் கட்டி முடித்துவிட்டுக் கடைசியில் தண்ணீர் விடுங்கள். உச்சியில் நாலைந்து ஊற்றுக்கட்டை வைத்தாலே அகலமான அருவி விழும். பாறை விளிம்பு முழுக்க வாளி வாளியாக ஊற்றினால் பை நின்றுவிடும். விழும் இடத்தில் பள்ளம் வெட்டித் தேக்கிவிட்டால், தரையெல்லாம் பரவி வேகத்தைக் குடிக்காது.

சூடு

பை 4-இன் சிப் 80 டிகிரியைத் தொட்டதும் தானாகவே வேகத்தைக் குறைக்கும், 85-இல் இன்னும் குறைக்கும். எரிந்துபோகாது, ஆனால் கேம் திக்கும். சித்திரை வைகாசியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரையோ தகரமோ போட்ட அறையில் மதியம் விளையாடினால், வெறும் போர்டு இந்த அளவைச் சீக்கிரமே தொட்டுவிடும். மேல் பட்டியில் வலது கிளிக் செய்து சிபியூ வெப்பநிலை காட்டும் பிளக்இன்னைச் சேர்த்துக்கொண்டால் கண்முன்னேயே தெரியும்.

போர்டில் வரிசையாக நீட்டியிருக்கும் சிறு கம்பிகளுக்குப் பின் என்று பெயர். ஃபேனின் சிவப்பு ஒயரை 4-வது பின்னிலும் கறுப்பை 6-வது பின்னிலும் மாட்டினால் 5 வோல்ட்டில் முழு வேகத்தில் ஓடும். சத்தம் பிடிக்காவிட்டால் சிவப்பை 1-வது பின்னுக்கு மாற்றுங்கள். அங்கே 3.3 வோல்ட் என்பதால் மெதுவாக ஓடும், பெரும்பாலும் அதுவே போதும். கிரானைட் அறுக்கும் பட்டறைகளுக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்கள் ஃபேன் வாங்குவதைவிட, விரல் விரலாகத் தகடு நீட்டிய ஃபேன் இல்லாத அலுமினியப் பெட்டியை எடுப்பது நல்லது. அந்த நுண்தூள் சின்ன ஃபேனின் தண்டில் இறுகி சில மாதத்தில் நிறுத்திவிடும். எதுவானாலும் டிவிக்குப் பின்னால் டேப் போட்டு ஒட்டாதீர்கள். டிவியின் சூடும் சேரும்.

கரண்ட்

விளையாடும்போது திரையின் மேல் மூலையில் மஞ்சள் மின்னல் குறி வந்தாலோ, லோ வோல்டேஜ் என்று எழுதிக் காட்டினாலோ, போர்டுக்கு வரும் மின்னழுத்தம் 4.63 வோல்ட்டுக்குக் கீழே போகிறது என்று பொருள். நம் ஊர்ப்பக்கம் மோட்டார் ஓடும் நேரத்தில் வீட்டில் விளக்கு மங்கும். அதனால்தான் இதுவும் என்று நினைத்து ஸ்டெபிலைசர் வாங்கக் கிளம்பிவிடுகிறார்கள். தேவையே இல்லை. நல்ல அடாப்டர் 100 வோல்ட் வரை இறங்கினாலும் 5.1 வோல்ட்டை ஒழுங்காகக் கொடுக்கும். குற்றவாளி அடாப்டருக்கும் போர்டுக்கும் நடுவில் உள்ள மெல்லிய ஒயர், அல்லது போன் சார்ஜர். ஃபாஸ்ட் சார்ஜர் என்று 33 வாட் போட்டிருந்தாலும் அந்த வாட் எல்லாம் 9 வோல்ட், 11 வோல்ட்டில்தான் கிடைக்கும். பை கேட்பது 5 வோல்ட். அந்த மட்டத்தில் பல சார்ஜர்கள் 2 ஆம்பியரோடு நின்றுவிடும். ஒயர் நிரந்தரமாகப் பொருத்தப்பட்ட, ராஸ்பெரி பைக்கென்றே விற்கும் அடாப்டரை வாங்குங்கள்.

பெரிய பிரச்சினை கரண்ட் போவதுதான். லுவாண்டி சில வினாடிக்கு ஒருமுறை உலகை எஸ்டி கார்டில் எழுதிக்கொண்டே இருக்கும். எழுதும் நடுவில் கரண்ட் போனால் உலகத்தின் ஒரு மூலை கெடலாம், ஓஎஸ்-ஏ கெடலாம். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் பையை அந்த லைனில் உள்ள ப்ளக்கில் போடுங்கள். இன்வெர்ட்டரின் முகப்பில் யூபிஎஸ் மோடு என்று சுவிட்ச் இருந்தால் அதில் வையுங்கள். மற்ற மோடில் மாறும் இடைவெளி கூடுதல், அதற்குள் பை ரீஸ்டார்ட் ஆகிவிடும். டிவியையும் அதே லைனில் போட முடியாவிட்டால் பரவாயில்லை, பை மட்டும் அணையாமல் இருந்தாலே உலகம் தப்பும்.

பவர்பேங்கை நடுவில் வைப்பது சிலர் சொல்லும் வழி. பெரும்பாலான பவர்பேங்குகள் சார்ஜ் நின்ற கணத்தில் ஒரு நொடி வெளியீட்டை வெட்டிவிட்டுத்தான் மறுபடி கொடுக்கும். அந்த ஒரு நொடி போதும், பை அணைந்துவிடும். இதற்கென்றே பேட்டரியோடு வரும் பை யூபிஎஸ் பலகைகள் இருக்கின்றன, இன்வெர்ட்டர் இல்லாத வீட்டுக்கு அவைதான் தீர்வு.

விளையாடி முடித்ததும் சுவிட்ச் போர்டில் தட்டி அணைக்கும் பழக்கம் வேண்டாம். கேமிலிருந்து வெளியே வந்து, மெனுவில் ஷட்டவுன் கொடுத்து, போர்டின் பச்சை விளக்கு மினுக்குவது நின்ற பிறகு அணையுங்கள்.

போன்களையும் சேர்த்து விளையாடுதல்

உலகத்தைத் திறக்கும் முன் ஹோஸ்ட் சர்வர் என்ற டிக்கைப் போடுங்கள். பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும். போர்ட் எண் என்ற கட்டத்தில் 30000 என்று இருக்கும், மாற்ற வேண்டாம். பொதுப் பட்டியலில் அறிவிக்கும் டிக்கைப் போடாதீர்கள். டெஸ்க்டாப்பில் நெட்வொர்க் ஐகான்மேல் மவுஸை வைத்தால் பையின் ஐபி முகவரி, அதாவது வைஃபையில் பையை அடையாளம் காட்டும் எண், தெரியும். அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

போன்களில் பிளே ஸ்டோரிலிருந்து லுவாண்டியை நிறுவி, எல்லாவற்றையும் ஒரே வைஃபையில் இணைத்து, சேரும் தாவலில் அந்த ஐபியையும் 30000-ஐயும் அடித்தால் உள்ளே வந்துவிடலாம். பிளே ஸ்டோரில் இதே படத்தோடு விளம்பரம் நிரம்பிய நகல்கள் கிடக்கும், பெயரைச் சரியாகப் பார்த்து இறக்குங்கள். ரவுட்டர் இல்லாவிட்டால் ஒரு போனின் ஹாட்ஸ்பாட் போதும். மொபைல் டேட்டாவை அணைத்து வைத்தாலும் விளையாட்டு நடக்கும், ஏனென்றால் எல்லாம் அந்த வீட்டுக்குள்ளேயே ஓடுகிறது. இணைய முடியவில்லை என்றால், சில போன்களின் ஹாட்ஸ்பாட் தன்னோடு இணைந்த கருவிகளை ஒன்றையொன்று பார்க்க விடாது என்பதை நினைவில் வைத்து வேறு போனில் ஹாட்ஸ்பாட் போட்டுப் பாருங்கள். நேற்று வேலை செய்தது இன்று செய்யவில்லை என்றால் பையின் ஐபி மாறியிருக்கும், மறுபடி பாருங்கள்.

பையிலேயே ஒருவர் விளையாடிக்கொண்டு, மூன்று போன்கள் சேர்ந்தால் சிரமம் இல்லை. அதற்கு மேல் ஆட்கள் வந்தால் பையில் யாரும் விளையாடாமல், நிறுவும்போது பார்த்த சர்வர் பொதியை மட்டும் ஓடவிடுங்கள். படம் வரையும் சுமை இல்லாததால் கூடுதல் பேரைத் தாங்கும்.

உலகத்தை நகல் எடுத்தல்

அபவுட் தாவலில் பயனர் ஃபோல்டரைத் திறக்கும் பொத்தான் இருக்கிறது. அதற்குள் வேர்ல்ட்ஸ் என்ற ஃபோல்டரில் ஒவ்வொரு உலகமும் அதன் பெயரில் தனி ஃபோல்டராக இருக்கும். அதை முழுதாகப் பென்டிரைவுக்கு நகல் எடுங்கள். மேப் ஃபைலை மட்டும் எடுத்தால் போதாது. பெட்டிக்குள் வைத்த பொருள்கள் மேப்பில் இருக்கும், ஆனால் கையில் வைத்திருப்பவையும் பாஸ்வேர்டுகளும் வேறு ஃபைல்களில் இருக்கும். கேம் மூடியிருக்கும்போதுதான் நகல் எடுக்க வேண்டும். ஓடும்போது எடுத்தால் நகலே அரைகுறையாகும்.

வாக்ஸ்லிப்ரேக்குக் கிடங்கில் புதிய வெளியீடு வந்திருப்பதாகக் காட்டினால், அப்டேட் பொத்தானை அழுத்தும் முன் இந்த நகலை எடுத்துவிடுங்கள். பழைய உலகம் புதிய வெளியீட்டில் திறக்கும். ஆனால் புதியதில் ஒருமுறை திறந்த உலகத்தை மறுபடி பழைய வெளியீட்டுக்குக் கொண்டுபோனால், அதற்குத் தெரியாத கட்டைகள் இருந்த இடமெல்லாம் அடையாளம் தெரியாத கட்டைகளாகவே நிற்கும்.